ஈயம் பூசும் இனாயத்தின் இடுப்பெலும்பு

மயிலாப்பூர் கச்சேரி சாலையை ஒட்டிய சந்தொன்றில் குடியிருந்த இனாயத்துக்குப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவது தொழில். அடுப்பும் துருத்தியும் கண்ணைக் கரிக்கும் நவச்சாரப் புகையும், காய்ந்த பாத்திரத்தில் உருகும் ஈயத்தைப் பஞ்சால் தேய்ப்பதும் தெருவில் போகிறவர்கள் எல்லாரும் பார்த்தவை. அதற்கு முந்திய வேலையில்தான் எல்லாம் இருக்கிறது என்பதை அவருடைய மனைவி ஜைதூன் பீ அறிந்திருந்தாள். பாத்திரத்துக்குள் மணலையும் பழந்துணியையும் போட்டு, இரண்டு கால்களையும் உள்ளே வைத்து நின்று, சுவரைப் பிடித்தபடி இடுப்பை இடமும் வலமுமாகத் திருக வேண்டும். பழைய பூச்சும் களிம்பும் உதிர்ந்து பித்தளை பளிச்சென்று தெரிந்தால்தான் ஈயம் பிடிக்கும். பிடிக்காத இடத்தில் புளி பட்டால் பச்சை பூத்துவிடும். சாப்பிட்டவர்களுக்கு வயிறு கெடும். இனாயத் பூசிய பாத்திரம் பச்சை பூத்ததாக மாட வீதிகளில் எவரும் சொன்னதில்லை.

சுதந்திரம் வந்த ஆண்டின் மழைக்காலத்தில், லஸ்ஸில் டிராம் முழுக்க நிற்கும் முன்பே அவர் இறங்கினார். தோளில் பாத்திர மூட்டை. பின்னால் வந்த ஜட்கா வண்டியின் ஏர்க்கால் முழங்காலில் மோதியதில் வலது தொடையெலும்பு இடுப்புக் கிண்ணத்தை விட்டு நழுவிவிட்டது. ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து இழுத்துப் பொருத்தினார்கள். சில வாரங்கள் படுத்திருந்தார். பிறகு எழுந்து நடந்தார். உடம்பு தானே சரியாகிவிடும் என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள்.

அடுத்த ஆண்டு வலி திரும்பியது. முதலில் தொடையின் உட்புறத்தில் ஒரு குடைச்சல். பிறகு நடையில் ஒரு சாய்வு. அதை முதலில் கவனித்துக் கேட்டவர் சுப்பராமன். சைதாப்பேட்டைக் கோர்ட்டில் குமாஸ்தா. பாத்திரங்களை இனாயத்தைத் தவிர வேறு கையில் கொடுக்காத வாடிக்கைக்காரர்.

"என்ன பாய், தவலைக்குள்ள ஒரு பக்கமாவே சுத்திண்டிருக்கே?"

"அந்தப் பக்கத்துக்கு இன்னிக்கு லீவு சாமி."

"சிரிக்காதே. முகம் வேர்த்துக் கொட்டறது. எங்காத்துக்கு எதிர்ல இருக்கற கம்பவுண்டர்கிட்டச் சொல்லிச் சீட்டு வாங்கறேன். பெரிய டாக்டரையே பார்த்துடலாம்."

பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தொடையெலும்பின் உச்சியில் உருண்டை ஒன்று தெரிந்தது. அதைச் சுற்றியிருந்ததெல்லாம் சாம்பல் நிறமாக இருக்க, அது மட்டும் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்திருந்தது.

"மூட்டு நழுவினப்போ இந்த உருண்டைக்குப் போற ரத்தக் குழாய் அறுந்திருக்கு. ரத்தம் இல்லாம எலும்பு செத்துப்போச்சு," என்றார் டாக்டர். "ஆனா இன்னும் உருண்டையாத்தான் இருக்கு. நசுங்கறதுக்குள்ள ஒண்ணு செஞ்சு பார்க்கலாம். நல்ல கால்ல முழங்காலுக்குக் கீழ இருக்கிற எலும்புல ஒரு சிம்பு சீவி எடுத்து, இதுக்குள்ள துளை போட்டுச் செருகுவேன். அதைப் பிடிச்சுக்கிட்டுப் புது ரத்தம் உள்ள ஊர்ந்து போகணும்."

"போவுமா சார்?" என்றாள் ஜைதூன் பீ.

"போகலாம். போகாமலும் இருக்கலாம். ஒரு வருஷத்துக்கு அந்தக் கால்மேல உடம்புப் பாரம் விழக்கூடாது. விழுந்தா, செத்த எலும்பு ஈர மண்ணு மாதிரி உட்கார்ந்துடும்."

வீட்டுக்கு வந்ததும் ஜைதூன் பீயின் தம்பி கலீமுல்லா குதித்தான்.

"கெட்ட காலுக்காக நல்ல கால வெட்டுவானா? இன்னா நியாயம் இது மச்சான்? ரெண்டும் பூட்டா இன்னா பண்ணுவே?"

"என் எலும்பு மவுத்தாயிட்சாம்டா," என்றார் இனாயத். "ஜனாஸாவ எப்போ எடுக்கறதுன்னுதான் டாக்டர் சொல்லல."

"வாயக் கழுவுங்க," என்று ஜைதூன் பீ அதட்டினாள். சம்மதிப்பதற்கும் மறுப்பதற்கும் அவளிடம் ஒரே அளவு அறியாமைதான் இருந்தது. வலியில் அவர் உதட்டைக் கடிப்பதை மட்டுமே அவள் அறிவாள். அதை வைத்துச் சம்மதித்தாள்.

நாற்பத்தொன்பதாம் ஆண்டு தை மாதத்தில் அறுவை நடந்தது. மார்பிலிருந்து கால்விரல்வரை மாவுக் கட்டு. சிம்பு எடுத்த இடதுகாலில் தனியாக ஒரு கட்டு. சித்திரையில் மாவுக் கட்டை வெட்டி எடுத்து, கக்கத்தில் வைத்துக்கொள்ள இரண்டு கட்டைகளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இடதுகால் தேறியிருந்தது. அதை மட்டும் ஊன்றலாம். வலதுகாலைத் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். அதிக நேரம் கட்டிலில்தான்.

வேலையை ஜைதூன் பீ எடுத்துக்கொண்டாள். கலீமுல்லா வீடுவீடாகப் போய்ப் பாத்திரம் வாங்கிவந்தான். கொல்லைப் பக்கத்தில், புடவையைக் கணுக்காலுக்குமேல் செருகிக்கொண்டு அவள் தவலைக்குள் இறங்கினாள். துருத்தியும் ஈயமும் அவளுக்குப் பழக்கம். இடுப்பைத் திருகுவதுதான் வரவில்லை.

"ஆட்டுக்கல்லு மாரி சுத்தாத ஜைதூன்," என்பார் இனாயத் கட்டிலிலிருந்து. "மத்து மாரி போய்ட்டு வா. குதிகால அழுத்து."

"படுத்துக்கினு உத்தரவு போடறது சுளுவு. வந்து நின்னு பாருங்க!"

சொன்ன மறுகணம் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் சிரித்தார். சிரித்துவிட்டுச் சுவர்ப்பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆனியில் சுப்பராமன் பெண்ணுக்குக் கல்யாணம். சாம்பாருக்கான பெரிய அண்டா ஜைதூன் பீயின் கையால் ஈயம் பூசப்பட்டுப் போனது. இரண்டாம் நாளே திரும்பி வந்தது. சுப்பராமன் தானே கைவண்டிக்குப் பின்னால் நடந்து வந்திருந்தார்.

"பாய், சமையக்காரர் புளித்தண்ணி ஊத்திப் பார்த்தார். அடியில பச்சை பூத்துடுத்து. வேண்டாங்கறார்." அவர் குரலில் கோபம் இல்லை, கூச்சம் இருந்தது. "நாளன்னிக்கு முகூர்த்தம். தப்பா நினைச்சுக்காதே, வேற ஆளைப் பார்க்கட்டுமா?"

அந்த அண்டா வேறு கைக்குப் போனால், மாட வீதி முழுதும் அதன் பின்னால் போகும். ஜைதூன் பீக்கு அது தெரியும், இனாயத்துக்கும் தெரியும்.

"வெச்சிட்டுப் போங்க சாமி," என்றார் அவர். "நாளைக்கு வண்டிய அனுப்புங்க."

சுப்பராமன் போனபின் ஜைதூன் பீ மறுபடி அண்டாவுக்குள் இறங்கினாள். முழங்கால் நோகத் திருகினாள். அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்த வட்டம் ஒன்று கரையவே இல்லை. இனாயத் கட்டைகளை ஊன்றிக்கொண்டு கொல்லைக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"நான் எறங்கறேன்."

"வாணாம். டாக்டர் இன்னா சொன்னாரு?"

"பாரம் வுழக்கூடாதுன்னாரு. நீ பின்னால நின்னு ரெண்டு கக்கத்துலயும் கைய குடுத்துத் தூக்கிப் புடி. பாரம் ஒன் தோள்மேல. என் காலு சும்மா துணிய தள்ளும். அவ்ளோதான்."

அது அவளுக்கு நியாயமாகவே பட்டது. டாக்டர் தடுத்தது நடப்பதையும் ஊன்றுவதையும். அண்டாவுக்குள் யாரும் நடப்பதில்லை. தான் தூக்கிப் பிடித்திருந்தால் அவர் ஊன்றப்போவதும் இல்லை. அந்தத் தொழிலில் பிறந்து வளர்ந்த இருவருக்கு இந்தக் கணக்கில் ஒரு பிசகும் தெரியவில்லை. கலீமுல்லா வீட்டில் இருந்திருந்தால் அவனையும் ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லியிருப்பாள். அவன் ஆழ்வார்பேட்டைக்குப் பாத்திரம் வாங்கப் போயிருந்தான்.

சுவரோரம் அண்டாவை நகர்த்தி, அவரைத் தாங்கி உள்ளே இறக்கினாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவள் பின்னாலிருந்து அணைத்துத் தன் தோளை அவர் கக்கத்துக்குக் கீழே கொடுத்தாள். மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தும் உடம்பு கனத்தது. பாதங்கள் அசையத் தொடங்கின. மெல்ல, ஆனால் அதே பழைய வீச்சில்.

அப்போது ஒரு கணம் அவள் தோளில் பாரம் குறைந்தது.

அது எங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரிந்தது. 'போதும்' என்ற சொல் நாக்குவரை வந்தது. அதற்குள் அண்டாவின் அடியில் கறுப்பு கரைந்து, பித்தளை மஞ்சளாகச் சிரிக்கத் தொடங்கிவிட்டது.

"இன்னும் ரெண்டு திருப்பு," என்றார் அவர், மூச்சிரைக்க. அவள் பிடித்துக்கொண்டே நின்றாள்.

ஈயம் கண்ணாடிபோல் பிடித்தது. கல்யாணச் சாம்பார் நன்றாக அமைந்தது என்று சுப்பராமன் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். இனாயத்துக்கு வலி ஒன்றும் இல்லை. அன்றும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. ஜைதூன் பீ மட்டும் அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் விழித்துக்கொண்டாள்.

ஆடியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் புதுப் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். உருண்டையின் மேல்விளிம்பு, கட்டைவிரலால் அழுத்திய களிமண்ணைப்போல் தட்டையாகியிருந்தது. செருகிய சிம்பு மட்டும் தன்னிடத்தில் நேராக நின்றது.

"கால ஊனினீங்களா?"

"இல்ல சார்," என்றார் இனாயத்.

"ஊனினாரு," என்றாள் ஜைதூன் பீ. "அண்டாவுல. நான்தான் புடிச்சிக்கினு இருந்தேன்." நடந்ததை முழுதும் சொன்னாள். டாக்டர் திட்டியிருந்தால் அவளால் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும். அவர் சித்திரையில் கட்டு வெட்டியபோது எடுத்த பழைய படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இதுலயே இங்க ஒரு விரிசல் இருக்கிற மாதிரி தெரியுது. இல்லாத மாதிரியும் தெரியுது. ரத்தம் மேல்வரைக்கும் போய்ச் சேரல. நீங்க செஞ்சதால ஆச்சா, தன்னால ஆச்சான்னு என்னால சொல்ல முடியாதும்மா. யாராலயும் முடியாது."

"இன்னொரு தபா வெய்ங்க சார். அவரு கால்ல வாணாம், என் கால்ல எடுங்க. எனக்கு ரெண்டும் நல்லாத்தான் கீது." அவள் அங்கேயே, பெஞ்சியின்மேல், புடவையை முழங்கால்வரை விலக்கிக் காலை நீட்டினாள்.

"ஜைதூன், கால எறக்கு," என்றார் இனாயத் தணிந்த குரலில்.

"வைக்க இடம் இல்லம்மா," என்றார் டாக்டர். "உருண்டையா இருந்தாத்தான் உள்ள வைக்கலாம். வலி அதிகமானா, மூட்டை ஒட்டவெச்சு அசையாம பண்ணலாம். திருகறது இனிமே கிடையாது."

வலி அதிகமாயிற்று. மறுவருஷம் மூட்டை ஒட்டவைத்தார்கள். கட்டையில்லாமல், கால் குட்டையாகி, ஒரு பக்கமாகச் சரிந்து நடக்க முடிந்தது. தரையில் உட்கார முடியவில்லை. கலீமுல்லா அடுப்பை ஒரு கல்மேடையில் உயர்த்திக் கட்டினான். அதன் முன்னால் உயரமான மணையில் காலை நீட்டியபடி இனாயத் துருத்தி போட்டார். ஜைதூன் பீ பாத்திரத்துக்குள் நின்றாள். போகப் போக அவளுக்குத் திருகல் வந்துவிட்டது. மத்துபோல் போய் வா என்று அவர் அதன்பின் ஒருநாளும் சொல்லவில்லை. அவள் கால்களைப் பார்த்ததும் இல்லை.

ஒரே ஒரு முறை, ஒரு தவலையிலிருந்து வெளியே வரும்போது, அவள் கேட்டாள்.

"அன்னிக்கு என் தோளு லேசாச்சே. நீங்க ஊனினீங்களா, இல்ல நான் வுட்டுட்டனா?"

இனாயத் அடுப்பிலிருந்த பாத்திரத்தையே பார்த்தார். துருத்தியை நிறுத்தவில்லை.

"ஏனம் காஞ்சிட்சி," என்றார். "பஞ்ச எடு."

அவள் பஞ்சை எடுத்துக் கொடுத்தாள்.