தபால் பையோடு ஓடிய முயல்குட்டி

தபால் ஓட்டக்காரனுக்கு வேண்டியவை இரண்டு: ஓயாத கால், வழியில் எதையும் எட்டிப் பார்க்காத கண். கால் எனக்கு இருந்தது. கண்தான் சொன்ன பேச்சைக் கேட்காது.

சின்னமனூரிலிருந்து ஓடைப்பட்டிக்குக் காலையில் ஓர் ஓட்டம், பொழுது சாயும்போது திரும்பி ஓர் ஓட்டம். தோளில் அரக்கு முத்திரை வைத்த பை, கையில் சலங்கை கட்டிய வேல்கம்பு. சலங்கைச் சத்தத்துக்குப் பாம்பு விலகிப் போகும் என்று சர்க்கார் சொல்லும். உண்மையில் விலகியது பாம்பு மட்டும்தான். மனுஷர்கள் சத்தம் கேட்டதும் ஓடிவந்து, "மாயாண்டி, இந்தக் கீரைக்கட்டை என் மகள் வீட்டில் போட்டுடு" என்று வழிமறிப்பார்கள். பையைத் தவிர வேறெதையும் தூக்கக் கூடாது என்பது சட்டம். ஓடுகிற காலை நம்பிக் கஞ்சி குடிக்கும் தோழர்களே, சட்டத்துக்கும் கீரைக்கட்டுக்கும் நடுவில் நாம் படும் பாடு உங்களுக்குத் தெரியாததா? இத்தனை வருஷம் அடுத்தவர்கள் எழுதியதைச் சுமந்த நான், கால் ஓய்ந்த பிறகு எழுத்துக் கூட்டிப் பழகி இதை எழுதுகிறேன். மேற்கு மலையில் அணை வேலை நடந்துகொண்டிருந்த காலத்துச் சங்கதி இது.

வயிற்றில் துடித்தது

ஒரு நாள் காலை, பாதி வழியில் கொள்ளுக்காட்டு ஓரமாக ஒரு புல் பத்தைக்குள் ஏதோ பளபளத்தது. குனிந்து பார்த்தால் ஒரு கண். கண்ணுக்குப் பின்னால் கைப்பிடி அளவுக்கு ஒரு முயல்குட்டி. நான் பக்கத்தில் போயும் அது ஓடவில்லை, அசையக்கூட இல்லை. சுற்றிலும் தாயைத் தேடினேன். ஒரு காக்கைதான் வேலியில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

பெற்றவள் போட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று முடிவு கட்டினேன். தலைத்துண்டை அவிழ்த்தேன், குட்டியைச் சுற்றினேன், மடியில் கட்டிக்கொண்டு ஓடினேன். ஊரைக் காப்பாற்றியவன் போல அத்தனை பெருமை. ஓடைப்பட்டியில் பள்ளிக்கூட வாத்தியார்தான் தபாலையும் பார்த்துக்கொண்டார். பையை வாங்கி முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், கண்ணாடிக்கு மேலாக என்னையும் பார்த்தார்.

"முத்திரை சரியா இருக்கு. உன் வயித்துலதான் என்னமோ தனியாத் துடிக்குது, அது என்னப்பா?"

ஆளுக்கொரு வைத்தியம்

தபால் வாங்க வந்த கூட்டம் தபாலை மறந்தது. ஒருத்தர் ஆட்டுப்பால் என்றார், ஒருத்தர் பசும்பால் என்றார். சங்கில் ஊற்றினோம், பால் மூக்கில் ஏறிக் குட்டி தும்மியது. குட்டி போட்ட பூனையிடம் விட்டால் வளர்த்துவிடும் என்று ஒரு யோசனை வந்தது. பூனைக்காரரே வேண்டாம் என்று தடுத்துவிட்டார். வாத்தியார் சட்டப் புத்தகத்தை எடுத்து, ஓட்டக்காரன் முயல் சுமக்கலாமா என்று தேடினார். கிடைக்காதது அவருக்கு வருத்தம்.

மகனுக்குக் கடிதம் எழுதச் சொல்ல வந்திருந்த சவரியம்மாள் மட்டும் எந்த வைத்தியமும் சொல்லவில்லை. அவள் மகன் அந்தோணி அணை வேலைக்கு மலையேறிப் போய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. குட்டியை எட்டிப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"இம்புட்டுப் பேரு சுத்தி நின்னா நானே பால் குடிக்க மாட்டேன். தள்ளி நில்லுங்கய்யா எல்லாரும்!"

முயல் தின்கிறவர் சொன்னது

உச்சிப் பொழுதுக்குச் சடையன் வந்தார். வலை கட்டி முயல் பிடிப்பதுதான் அவருக்குத் தொழில். அவரைக் கண்டதும் நான் குட்டியைத் துண்டோடு மறைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே கையை விலக்கிப் பார்த்தார். "எங்கன கிடந்துச்சு? தனியாவா? ஆடாம அசையாம இருந்துச்சா?" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

"அப்பச் சுகமாத்தான்யா இருந்திருக்கு" என்றார். தாய்முயல் பகலில் குட்டி பக்கமே வராதாம். அவள் வந்தால் அவள் வாசம் பிடித்து நரி வந்துவிடும். குட்டிக்கு வாசம் கிடையாது, ஆகவே அது அசையாமல் கிடப்பதுதான் அதற்குக் காவல். பொழுது இறங்கியதும் தாய் வருவாள், பால் கொடுப்பாள், போய்விடுவாள். ஒரு நாளைக்கு ஒரே நேரம்தான். மனுஷன் கை பட்டதை ஏற்பாளா என்று கேட்டேன். அதெல்லாம் சும்மா, எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும், அதுவும் பொழுது விழுவதற்குள் வைக்க வேண்டும், இன்று பால் தப்பினால் இத்தனை சிறிசு தாங்காது என்றார். வைத்த பிறகு மேலே இரண்டு சோளத்தட்டை நாரைக் குறுக்கே போடு, காலையில் நார் விலகிக் கிடந்தால் தாய் வந்தாள் என்று அர்த்தம் என்றும் சொன்னார். நான் காப்பாற்றிக் கொண்டுவந்த கதையை மறுபடியும் ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

"இது தொலைஞ்ச குட்டி இல்லண்ணே. நீரு தூக்கிட்டு வந்த குட்டி."

முடியாத கடிதம்

அதற்குமேல் எனக்கு நிலைகொள்ளவில்லை. பை கட்டினால்தான் நான் கிளம்ப முடியும். சவரியம்மாளின் கடிதம் முடிந்தால்தான் வாத்தியார் பை கட்டுவார். அவளோ வாரம் தவறாமல் ஒரே சங்கதியைத்தான் எழுதச் சொல்வாள்: உடனே வீடு வந்து சேர். அதை அவன் கேட்காததால், ஒவ்வொரு வாரமும் காரணங்கள் கூடிக்கொண்டே போயின. மாடு கன்று போட்டது, கோயில் திருவிழா வருகிறது, அத்தை மகள் உன்னைக் கேட்டாள், மலைக்காய்ச்சலில் அங்கே ஆட்கள் சாகிறார்களாமே என்று அவள் சொல்லச் சொல்ல, வெயில் வாத்தியார் வீட்டுச் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு தாயின் பேச்சை நடுவில் வெட்ட எனக்கு வாய் வரவில்லை. மடியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள், சுவரில் வெயிலைப் பார்த்தாள். சட்டென்று எழுந்துவிட்டாள்.

"போதுங்கய்யா, மடிச்சு ஒட்டுங்க. மிச்சத்த நாளைக்குச் சொல்லிக்கிறேன். அங்கன ஒரு ஆத்தா காத்துக்கிட்டு இருப்பால்ல?"

சத்தமில்லாத சலங்கை

அன்று ஓடியது போல நான் என்றும் ஓடியதில்லை. அந்த வழியில் ஒவ்வொரு கல்லும் என் பாதத்துக்குத் தெரியும், ஆனால் எந்தப் புல் பத்தை என்பது மட்டும் மறந்துவிட்டது. மூன்று பத்தைகளைக் கிளறினேன். நாலாவதில் குட்டி படுத்து அழுந்திய குழி அப்படியே இருந்தது. சூரியன் மலைமேல் உட்கார்ந்திருந்தது. குட்டியை வைத்து, நாரைக் குறுக்கே போட்டு எழுந்தபோது சலங்கை கலகலத்தது. பாம்பையே விரட்டும் சத்தம் முயலை விடுமா? துண்டைக் கிழித்துச் சலங்கையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பூனை நடை நடந்து விலகினேன். காத்திருந்து பார்க்க ஆசைதான். தோளில் சர்க்கார் பை கனத்தது. நெஞ்சை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன்.

மறுநாள் காலையிலும் அந்த இடத்துக்குச் சற்று முன்னாலேயே சலங்கையைத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டேன். அப்படியும் தோட்டத்துக் குடிசைக்காரி பேச்சியம்மாள் கையில் அகப்பையோடு வழிமறித்தாள். தினமும் சாயங்காலம் என் சலங்கை கேட்டுத்தான் அவள் அடுப்பு மூட்டுவாளாம். எனக்கு அது அன்றுதான் தெரியும்.

"நேத்து உம்ம சத்தமே இல்ல, நான் உலையே வைக்கல. எங்க வீட்டுக்காரக வந்து பட்டினியாப் படுத்தாக. ஊமையா ஓடுறதா இருந்தா முன்கூட்டியே சொல்லிட்டு ஓடுமய்யா!"

வந்தாளா?

பத்தைக்குப் பத்தடி தள்ளியே நின்று கழுத்தை நீட்டினேன். இரண்டு நாரும் விலகிக் கிடந்தன. குட்டி அதே கண்ணோடு, அதே மாதிரி அசையாமல், வயிறு மட்டும் புடைத்துக் கிடந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிய துணியோடு கம்பைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் குதித்தேன். பேச்சியம்மாள் பார்த்திருந்தால் ஊமை போய்ப் பைத்தியம் என்று பெயர் வைத்திருப்பாள்.

ஓடைப்பட்டியில் பையை யாரும் கேட்கவில்லை. "வந்தாளா?" என்றுதான் மொத்தக் கூட்டமும் கேட்டது. "வந்தாள்" என்றேன். வாத்தியாரே சத்தமாகச் சிரித்தார். சடையன், வலை எடுக்காத நாளிலும் நல்ல சேதி உண்டு என்பது போல மீசையைத் தடவினார். சவரியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. நேற்று விட்ட மிச்சத்தைச் சொல்ல வாத்தியார் எதிரில் உட்கார்ந்தாள். அவர் எழுதுகோலை மையில் தொட்டுக்கொண்டார்.

"வீட்டுக்கு வான்னு எழுத வேணாங்கய்யா. 'நீ இருக்கிற இடத்துலயே இருப்பா, ஆத்தா புறப்பட்டு வர்றேன்'னு எழுதுங்க."

எத்தனையோ சேதிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன், ஆனால் எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்ததற்காக ஒரு தபால்காரனை ஊரே மெச்சியது அந்த ஒரு தடவைதான்.