நனைந்த குளம்புகள்

முகப்பேரில் மகள் வீட்டுக் கூடத்தில் புதிதாக மாட்டிய குதிரை ஓவியத்தை நேற்று ரசித்துக்கொண்டிருந்தேன். திடீரென ஈரச் சுண்ணாம்பு மணத்தது.

அறுபதுகளில் எங்கள் அயனம்பாக்கத்து வீட்டில் வீசிய அதே மணம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பெயிண்டராக இருந்த என் தந்தை, கூடத்துச் சுவரில் ஒரு கருங்குதிரையைத் தீட்டியிருந்தார். மழைக்காலந்தோறும் அதன் கால்கள் முழங்கால்வரை நனைந்து நிற்கும்.

"ஏரியாண்ட போய் தண்ணி குட்ச்சிட்டு வந்துகீது" என்பார் அம்மா.

"அட, மண்ணுல இருக்கற ஈரம் செவுத்துல ஏறுது. ஓதம்டி அது!" என்று தந்தை சிரிப்பார்.

ஒரு கோடையில் ஏரி வறண்டு வெடித்தது, கிணறும் வற்றியது. ஊரைவிட்டுச் செல்ல மூட்டை கட்டிய காலையில், குதிரையின் குளம்புகள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.

"ஏரியில பொட்டுத் தண்ணி இல்ல. இது எங்கய்யா போய்ட்டு வந்துகீது?" என்று அம்மா கேட்டார்.

தந்தை சிரிக்கவில்லை. அந்தச் சுவரை ஒட்டி வெளியே தோண்டினார். மாலைக்குள் நீர் ஊறியது. நாங்கள் ஊரிலேயே தங்கினோம். முதல் குடத்தை எங்களுக்குத் தராமல் அம்மா குதிரையின் காலடியில் ஊற்றினார். "கொண்டாந்தது அது. மொதல்ல அது குடிக்கட்டும்."

மகள் வீடு நான்காம் மாடியில் இருக்கிறது. பத்து நாளாகக் குழாயில் நீரில்லை. ஓவியத்தின் குளம்பைத் தொட்டேன், விரல் நனைந்தது. எவரும் காணுமுன், குடத்தில் மிஞ்சியிருந்த ஒரு தம்ளர் நீரை அதன் கீழே வைத்தேன்.