தலைப்பை மட்டும் படித்தவர்கள்

எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு, அதாவது என் நாத்தனாரின் கணவருக்கு, எழுத்து என்றால் தலைப்புதான். மீதியெல்லாம் தலைப்புக்குக் கீழே கிடக்கும் காலி இடம். இதை அவரே என்னிடம் சொன்னார், எங்கள் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்து, வாயில் வடையை வைத்துக்கொண்டு.

"யாரும்மா உள்ள படிக்கிறாங்க? ப்ளாக்குன்றது எழுத்து இல்ல, மார்க்கெட்டிங். கடைக்கு போர்டு மாதிரி."

அவர் புதுச்சேரி டவுனில் ஒரு சின்ன ஆபீஸில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலையில் இருக்கிறார். நான் ஒதியம்பட்டில் வாழ்க்கைப்பட்டவள். பி.எட். முடித்திருக்கிறேன், வேலைக்குப் போகவில்லை. என் மகள் மதியம் தூங்கும் நேரத்தில் ப்ளாக் எழுதுகிறேன். பல் முளைக்கும்போது வரும் பேதி, அங்கன்வாடிக்கு அனுப்பலாமா வேண்டாமா, அவள் சாப்பிடாத நாளில் எனக்கு வரும் பயம், இவைதான் விஷயங்கள். ஒரு வரியை எழுதிவிட்டு அது சரியா என்று யோசிப்பேன். மாற்றுவேன். பழையதே நன்றாக இருந்ததோ என்று திரும்ப மாற்றுவேன். படிக்கிறவர்கள் என் கல்லூரித் தோழிகளும் வில்லியனூர் பக்கத்துத் தாய்மார்கள் சிலரும்தான். வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்புவேன்.

"அதுவும் மார்க்கெட்டிங்தானேம்மா?" என்று மாப்பிள்ளை கேட்டார். ஆமாம் என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்வேன். ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவதும் பூட்டை உடைப்பதும் ஒன்றா என்று திருப்பிக் கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அது அவர்களுக்குத் தலை ஆடி. கல்யாணமாகி முதல் ஆடிக்கு மாப்பிள்ளையை அழைத்து வந்து சீர் செய்து சோறு போடுகிற நாள். அன்று அவர் கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது. உப்பு கேட்டாலும் சரி, ப்ளாக்கின் பாஸ்வேர்டு கேட்டாலும் சரி.

"நான் கொஞ்சம் தட்டி சரி பண்ணித் தரேம்மா. போன குடு, பாஸ்வேர்டயும் சொல்லு."

நான் தயங்கினேன். என் மாமியார் ரசச் சட்டியோடு நின்றபடியே கண்ணைக் காட்டினார். "மாப்புள கேக்கறாரு இல்ல? குடேன். உன் சொத்தையா எழுதி கேக்கறாரு?" என் கணவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். கொடுத்தேன். நான் பாயசம் ஊற்றி முடிப்பதற்குள் போனிலிருந்த படங்களில் சிலவற்றையும் அவர் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டார். ஏதோ கோலம், பூ என்று எடுத்திருப்பார் என நினைத்தேன்.

அவர் எடுத்தது எந்தப் படம் என்பதைப் புரிந்துகொள்ள என் பிரசவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆபரேஷன் செய்துதான் என் மகள் பிறந்தாள். எனக்குப் பால் வரவில்லை. குழந்தை அழுது அழுது நீலம் பாரித்தாள். பக்கத்துப் படுக்கையில் பாகூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், அதனால் அக்கா என்று கூப்பிட்டேன். அவளுடைய மகன் குறைமாதம். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அவள் எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல் என் மகளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். எனக்குப் பால் சுரக்கிற வரைக்கும் அவள்தான் கொடுத்தாள். "எங்க அத்தைக்குத் தெரிய வாணாம்" என்று மட்டும் சொன்னாள். மாமியாரை அவள் அத்தை என்றுதான் சொல்வாள். ஊருக்குக் கிளம்புகிற அன்று என் மகள் அவள் மடியில் இருக்க, நாங்கள் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டோம்.

மூன்று வருடம் கழித்து அதைப் பற்றி எழுதினேன். போனில் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். பேர் இல்லை, ஊர் இல்லை, படம் இல்லை. நான் எழுதியதிலேயே நல்லது அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடிக்கு அடுத்த வாரம் அவள் கூப்பிட்டாள்.

"இன்னாடி பண்ணி வச்சிகீற?"

"இன்னாக்கா?"

"எம் மூஞ்சிய போட்டு, அடுத்தவ புள்ளைக்கு பால் குடுத்தவன்னு... எங்க சித்தப்பா வூட்டு குரூப்ல வந்துகீது. எங்க அத்தை காலைலருந்து ஆடறாங்க. எம் புள்ள ஏன் ஒல்லியா கீறான்னு இப்பதான் தெரியுதாம். அவன் பாலத்தான் ஊரான் புள்ளைக்கு ஊத்திட்டேனாம்."

ப்ளாக்கைத் திறந்து பார்த்தேன். 'அடுத்தவள் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்த புதுச்சேரிப் பெண்! பிறகு நடந்தது என்ன?' என்று தலைப்பு. கீழே அந்தப் படம். என் முகம் வெட்டப்பட்டிருந்தது. அவள் முகத்தைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். அதற்கும் கீழே, நான் எழுதியதற்கு நடுவில், பால் சுரக்க ஏதோ பவுடர் வாங்கச் சொல்லி ஒரு பட்டன்.

என் முகத்தை மட்டும் வெட்டியிருந்தார். வீட்டு மருமகள் இல்லையா. அந்த அளவுக்கு அவருக்கு மானம் மரியாதை தெரிந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

பதிவையே அழித்தேன். பாஸ்வேர்டை மாற்றினேன். அவரைக் கூப்பிட்டேன்.

"அழிச்சிட்டியா? அய்யோ, ஏம்மா? எவ்ளோ பேரு வந்தாங்க தெரியுமா? நீ வருசம் பூரா எழுதினாலும் வர மாட்டாங்க."

"வந்தவங்கள்ல யாருன்னா படிச்சாங்களாண்ணா?"

"படிக்கறது எதுக்கு? வந்தா போதும்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கமெண்டுகளை அழிப்பதற்கு முன் பார்த்திருந்தேன். 'இவளெல்லாம் தாயா' என்று ஒருவர். 'தெய்வம்' என்று இன்னொருவர், பூ போட்டு. உள்ளே இருந்த ஒரு வரியைப் பற்றிக்கூட ஒருவரும் பேசவில்லை. அவளைத் திட்டியவர்களும் படிக்கவில்லை, கும்பிட்டவர்களும் படிக்கவில்லை.

அடுத்த நாள் நானே அவளைக் கூப்பிட்டேன். அழித்துவிட்டேன் என்றேன். அவள் கேட்டாள்.

"நானும் படிக்கல. போட்டோவ பாத்ததும் மூடிட்டேன். நீ இன்னாதான் எழுதின? படி, கேப்போம்."

என் பிரதி லேப்டாப்பில் இருந்தது. படித்தேன். என் குரல் எனக்கே நன்றாகத்தான் இருந்தது. 'தன் குழந்தையைத் தவிக்கவிட்டு என் குழந்தையின் பசியாற்றிய தெய்வத்தாய்' என்ற வரி வந்தது.

"இரு இரு. இன்னா சொன்ன?"

திரும்பப் படித்தேன்.

"எவடி தவிக்க வுட்டா? எம் புள்ளைக்கு டியூப்ல சொட்டு சொட்டாத்தான் வுடுவாங்க. நான் பீச்சிக் குடுத்தா அதுல கொஞ்சமா எடுத்துனு மீதிய வச்சிருவாங்க. எனக்கு மாரு கட்டிக்கிச்சு. கல்லு மாதிரி. ஜொரம் வேற. யாருன்னா குடிச்சா போதும்னு இருந்துச்சு. உம் பொண்ணு கத்திக்கினு இருந்தா, எடுத்தேன். உனக்கு மட்டுமாடி ஒதவி? எனக்கும்தான்."

அந்த வரியை எழுத நான் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அவள் மாமியார் எதைச் சொல்லி அவளைக் குத்துகிறாரோ அதையேதான் நான் பூச்சூட்டி எழுதி வைத்திருந்தேன்.

"எழுதறதுன்னா வலின்னு எழுது. சாமி கீமின்னு எழுதாத. ஊரு பேரு பாகூர்னே போட்டுக்க, அது பெரிய ஊரு, எவளோன்னு இருக்கட்டும்" என்றவள், சட்டென்று "எங்க அத்தைகிட்ட சொல்றியா இத்த?" என்று கேட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

சொன்னேன். டியூப், சொட்டுப் பால், காய்ச்சல், எல்லாம். அந்த மாமியார் முழுக்கக் கேட்டார். நடுவில் குறுக்கிடவில்லை.

"சரி. போட்டோ இன்னாத்துக்குப் போட்ட?"

"நான் போடலமா. எங்க வூட்டு மாப்பிள்ள..."

"மாப்பிள்ளயா? கூட்டினு வா அவர. எம் மூஞ்சப் பாத்து சொல்லட்டும். எங்க ஜனம் பூரா சிரிக்குது."

நியாயமாகத்தான் பட்டது. வீட்டில் சொன்னேன். என் மாமியார் துடைப்பத்தைக் கீழே போட்டார். "நல்லா கீதுடி. மொத வருச மாப்புளய ஊரான் வூட்டு வாசப்படில போய் மன்னிப்பு கேக்கச் சொல்றியா? எம் பொண்ணு அங்க வாழ வாணாமா?" நாத்தனாரின் முகம் நினைவுக்கு வந்தது. ஒரு நிமிடம் வேண்டாம் என்றுகூட நினைத்தேன். பிறகு அந்தச் சிவப்பு வட்டம் நினைவுக்கு வந்தது. என் கணவரைப் பார்த்தேன். "நீயே பேசிக்க" என்றார். பேசினேன்.

மாப்பிள்ளை கோபப்படவில்லை. அதைவிட மோசம், உற்சாகமானார்.

"வரேம்மா. தாராளமா வரேன். ஒண்ணே ஒண்ணு, அந்தம்மா திட்டறத, நான் மன்னிப்பு கேக்கறத, ஒரு ரீல் எடுத்துக்கலாமா? உன் ப்ளாக்குக்கே போடலாம். சும்மா பிச்சிக்கினு போகும்."

போனைக் கீழே வைத்தேன். அவரிடம் இன்றுவரை நான் பேசவில்லை. நாத்தனாரும் என்னிடம் பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வில்லியனூரில் மாறி, பாகூர் போய் இறங்கி, கேட்டுக் கேட்டு அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். அக்கா உள்ளே அடுப்படியில் இருந்தாள் போலிருக்கிறது, வெளியே வரவில்லை. அவளுடைய மகன் வாசலில் கொய்யாக்காய் கடித்துக்கொண்டிருந்தான். ஒல்லிதான். ஆனால் ஓடினான். மாமியார் கதவருகே நின்றார்.

"எங்க உங்க மாப்பிள்ள?"

"வரலமா. நான்தான் வாணாம்னுட்டேன். அவரு வந்தா உங்களையும் படம் புடிப்பாரு."

அவர் என்னையும் என் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நான் வெயிலில் நின்றபடியே, போனில் சொன்னதையே இப்போது அவர் முகத்தைப் பார்த்து, முதலிலிருந்து, அந்த வார்டில் நடந்தது நடந்தபடி சொல்ல ஆரம்பித்தேன்.