குற்றால அருவிக்கு எத்தனை கறுப்பு?

கறுப்பு வெள்ளைப் படம் அச்சடிக்கக் கலர் மை எதற்கு என்று யோசித்து, புது பிரிண்டரின் நான்கு தொட்டிகளிலும் கறுப்பு மையையே ஊற்றியவன் நான். கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கலர் பாட்டிலின் வாயும் அதனதன் தொட்டிக்கு மட்டும் பொருந்துமாறு செய்திருந்தார்கள். எங்கள் ஊரான மேலகரத்தில் இப்படி ஒருவன் இருப்பான் என்று கம்பெனிக்காரன் முன்பே யோசித்திருக்கிறான். நான் மருந்துக்கடைக்குப் போய் சிரிஞ்ச் வாங்கிவந்தேன்.

அச்சடித்தது போன ஆடியில் எடுத்த பேரருவிப் படம். வெளியே வந்த தாளில் அருவி இல்லை, பாறை இல்லை, குளிக்கிறவர்களும் இல்லை. எல்லாம் கரிக்குள் போயிருந்தது. மனைவி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கரண்டு போனப்ப எடுத்தியளா?”

இப்படி ஒரு பிரிண்டர் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் என் பள்ளிக்கூட நண்பன். குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கிறான். வரவேற்பறைக்குப் புதிதாக வெள்ளையடித்து, நீளச் சுவர் முழுக்க ஒட்டுவதற்கு சுவிட்சர்லாந்து அருவி ஒன்றை ஃபிளெக்ஸில் அடித்து வாங்கி, சுருட்டி மேசைக்கடியில் வைத்திருந்தான்.

“வாசல்ல எறங்கி நடந்தா அருவி. அத விட்டுட்டு சுவிட்சர்லாந்து எதுக்குலே?” என்றேன்.

“அது கலரா இருக்குலே. பனி வேற கெடக்கு. வாரவன் பாத்த ஒடனே ஏசி ரூம் கேப்பான்.”

அந்தச் சுவரை எனக்குக் கொடு, நம் அருவியையே ஆள் உயரத்துக்குக் கறுப்பு வெள்ளையில் நிறுத்துகிறேன் என்று வாய் விட்டேன். அவன் மேசைக்கடியில் கிடந்த சுருளைக் காலால் உள்ளே தள்ளினான்.

“ஆனி முடியுததுக்குள்ள மாட்டிரணும். ஆடி பொறந்துட்டுன்னா கூட்டம் ஏறிரும். இல்லன்னா பனிதான், சொல்லிட்டேன்.”

இத்தனை வருஷமாகப் படம் எடுக்கிறேன், யாரும் ஒரு சுவரைக் கொடுத்ததில்லை. என் வீட்டிலேயே எனக்குக் கிடைத்திருப்பது காலண்டருக்கும் கரண்டு மீட்டருக்கும் நடுவில் உள்ள இடம். ஆகவே அந்தச் சுவரை விடுவதாக இல்லை.

தொட்டிகளைக் கழுவி, அதனதன் மையை ஊற்றி, மறுபடியும் அடித்தேன். இந்த முறை அருவி வந்தது. டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தால் சாம்பலும் வெள்ளையுமாக அருமையாக இருந்தது. மனைவியிடம் நீட்டினேன். அவள் அதை எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கிவிட்டாள். ஜவுளிக்கடையில் சேலையை விரித்தவுடன் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் பார்ப்பாளே, அதே நடை.

“இங்கன வாங்க. உள்ள எலி நெறம். வெளிய பாசி நெறம். இதுக்கு எந்த ஜாக்கெட்டு எடுக்க?”

உண்மைதான். வெயிலில் என் அருவி பச்சை பூத்திருந்தது. கலர் மைகளைக் கலந்து சாம்பல் நிறம் செய்கிற பிரிண்டர் அப்படித்தான் செய்யும்; ஒரு வெளிச்சத்தில் ஒழுங்காக இருக்கும், வேறு வெளிச்சத்தில் குணத்தைக் காட்டிவிடும். பெரிய கறுப்பு வெள்ளைப் படம் அடிக்க வேண்டுமானால் கறுப்போடு சாம்பல், இளஞ்சாம்பல் என்று தனித்தனி மை வைத்திருக்கும் பிரிண்டர் வேண்டும் என்பதை இதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். எல்லாத் தொட்டியிலும் கறுப்பே ஊற்றிப் பிரமாதமாக அச்சடிக்கிறவர்களும் உலகத்தில் உண்டாம். ஆனால் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒவ்வொரு அளவு நீர்த்த கறுப்பு. ஆக, என் முதல் யோசனையில் குறைந்தது தண்ணீர் மட்டும்தான். குற்றாலத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு அது தோன்றவில்லை.

தென்காசியில் ஸ்டூடியோக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்றில், சுருள் தாளில் அடிக்கும் பெரிய பிரிண்டர்கள் இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. கடைக்கார அண்ணாச்சி வேகத்தைப் பற்றி ஆரம்பித்தார். நிமிஷத்துக்கு இத்தனை அடி தள்ளும் என்றார். நான் என் படத்தைக் கொடுத்து இரண்டிலும் ஒரு துண்டு அடித்துத் தரச் சொன்னேன். மை காய்ந்ததும் இரண்டையும் எடுத்துக்கொண்டு நடுரோட்டுக்குப் போய் வெயிலில் விரித்தேன். பிறகு உள்ளே வந்து டியூப்லைட்டில் பார்த்தேன். மறுபடி வெளியே. சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று, “என்ன சார், முகூர்த்தப் பட்டா?” என்று விசாரித்துவிட்டுப் போனார்.

“கறுப்புதான அண்ணாச்சி, உள்ள பாத்தா என்ன, வெளிய பாத்தா என்ன?” என்றார் கடைக்காரர்.

“ஒங்க வீட்டுல சேலை எடுத்ததே இல்லையா?” என்றேன்.

வேகமான பிரிண்டர் அடித்த துண்டு படியைத் தாண்டியதும் ஊதா பூத்தது. மெதுவான பிரிண்டர், அதாவது சாம்பல் மைகள் தனியாக உள்ளது, அடித்த துண்டு உள்ளும் வெளியும் ஒரே மாதிரி நின்றது. அந்தப் பிரிண்டரையே எடுத்தேன். வேகம் எனக்கு எதற்கு? அருவி எங்கேயும் ஓடிவிடாது.

அடுத்து மை. கம்பெனி மை வேண்டாம், அதே கறுப்பு லோக்கல் பாட்டிலில் கிடைக்கிறது என்றார் அவர். இரண்டு மையிலும் அடித்த துண்டுகளை மொட்டைமாடியில், மனைவி வத்தல் காயப்போட்டிருந்த சேலைக்குப் பக்கத்தில் வைத்து, பாதிக்குப் பாதி செங்கலால் மூடினேன். வத்தல் டப்பாவுக்குப் போன பிறகும் அவை வெயிலிலேயே கிடந்தன. கடைசியில் செங்கலை எடுத்தபோது லோக்கல் கறுப்பின் திறந்த பாதி, டீ சிந்திய வேட்டி மாதிரி ஆகியிருந்தது. கம்பெனி மை, சாயத்தில் இல்லாமல் நிறமித் தூளில் செய்தது, அசையவில்லை. மையில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதில் எனக்கு இப்போது மாற்றுக் கருத்து கிடையாது.

தாளை மட்டும் வீட்டில் வைத்து முடிவுசெய்ய முடியாது. குற்றாலத்துச் சாரல் வேறு ஜாதி. கதவைப் பூட்டினாலும் உள்ளே வந்து உட்காரும். பளபளத் தாள், பஞ்சுத் தாள், பளபளப்பில்லாத, பூச்சு உள்ள மேட் தாள் என்று மூன்றிலும் அடித்த துண்டுகளை லாட்ஜ் சுவரில் டேப் போட்டு ஒட்டினேன். வைகாசிக் கடைசியில் முதல் சாரல் இறங்கியது. பளபளத் தாளில் அருவி தெரியவில்லை, எதிரே இருந்த கண்ணாடிக்கதவும் அதற்கு வெளியே நின்ற வேனும்தான் தெரிந்தன. பஞ்சுத் தாள் ஈரத்தைக் குடித்து அப்பளம் மாதிரி வளைந்தது. மேட் தாள் ஒழுங்காக இருந்தது. அங்கே மஞ்சள் பல்பு. அதற்குக் கீழேயும் சாம்பல் சாம்பலாகவே இருந்தது.

“ஏலே, படம் மாட்டுதியா, சொவத்துக்கு வைத்தியம் பாக்குதியா?” என்றான் நண்பன். ஃபிளெக்ஸ் சுருள் இப்போது மேசைக்கடியிலிருந்து மேசைமேல் வந்திருந்தது.

ஆனி முடிய நாள் இருக்கும்போதே, பேரருவியோடு இன்னும் சில படங்களும் சுவரில் ஏறிவிட்டன. எதிரொளிக்காத கண்ணாடிதான் போட்டேன்; ஈரத்தில் அதோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, சட்டத்துக்குள் அட்டை வைத்து இடைவெளி விட்டிருந்தேன். நடுவில் பேரருவி, ஆள் உயரம். அருவிக்கு அடியில், கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் செல்போன் தொங்க, கண்ணை இறுக மூடி நிற்கும் ஒரு தொந்திக்காரர். பக்கத்துப் படத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் ஒருவரின் முதுகு. பாறையின் ஈரக் கறுப்பு வேறு, தலைமுடியின் கறுப்பு வேறு, எண்ணெய் மினுங்கும் தோலின் கறுப்பு வேறு என்று தனித்தனியாகத் தெரிந்தது. நண்பன் எட்டப் போய் நின்று பார்த்தான், கிட்ட வந்து பார்த்தான். பிறகு சுவிட்சர்லாந்தை எடுத்துக்கொண்டு போய், மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்த மெத்தைகளுக்கு மூடாப்பாகப் போட்டான். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஆடி பிறந்தது. ஒரு சனிக்கிழமை நான் அங்கே உட்கார்ந்து, தற்செயலாக வந்தவன்போல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் அறை கேட்டு வந்தது. பெரியவர் பையைக் கீழே வைத்துவிட்டுப் பேரருவிப் படத்துக்கு முன்னால் நின்றார். வெகுநேரம் நின்றார். நான் பேப்பரைக் கொஞ்சம் தாழ்த்தினேன்.

“பாத்தியா, அந்தக் காலத்துல எவ்வளவு தண்ணி விழுந்திருக்கு!” என்றார் மனைவியிடம். அந்த அம்மாள் பெருமூச்சு விட்டு, “இப்ப எங்க இருக்கப் போகுது? வாங்க, பாபநாசம் அருவிக்கே போயிருவோம்” என்றார். வெளியே பேரருவி கொட்டுகிற சத்தம் அவர்களுக்குக் கேட்கவில்லை, வேன் என்ஜினை அணைக்காமல் விட்டிருந்தார்கள்.

வேன் திரும்பிப் போகும்வரை நண்பன் வாசலிலேயே நின்றான். பிறகு உள்ளே வந்து, படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

“ஏலே, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. மூலையில போன வருசத்துத் தேதிய மட்டும் போட்டுக் குடுத்துரு. செவப்பு மையில.”