ஒரு பெயரை உரக்கச் சொல்வது

நல்ல கோடை வெயில் எறித்த ஒரு சனிக்கிழமை, எங்கள் வீட்டு நடைவழிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று கம்பளி மப்ளரால் முகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள் ஒரு பெண். கண் மட்டும் தெரிந்தது. காய்ச்சலாக்கும் என்று நினைத்து, மருந்து ஏதும் வேண்டுமா என்று கேட்டேன். "வருத்தம் ஒன்றுமில்லை, ஊர்வலத்துக்குப் போகிறேன்" என்றாள். மேல்மாடியில் குடியிருந்த அவளோடு நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

எண்பதுகளின் கடைசி அது. லண்டன் ஆர்ச்வேயில், பஸ் போகும்போதெல்லாம் சன்னல் அதிரும் ஒரு பழைய வீட்டை, அடைக்கலம் கேட்டு வந்தவர்களுக்குக் கவுன்சில் அறை அறையாகக் கொடுத்திருந்தது. கீழே அண்ணையும் அண்ணியும் நானும். மேலே அவள். சமைக்கிற குசினியும் டெலிபோனும் எல்லோருக்கும் பொது. அவளுடைய அடைக்கலக் கேசும் முடியவில்லை, எங்களுடையதும் முடியவில்லை. ஊருக்குத் திரும்பவும் வழியில்லை, இங்கே காலூன்றவும் வழியில்லை. நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஷிப்ட் வேலை செய்தேன். அவள் அலுவலகங்கள் துடைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போவாள். வீட்டில் அவள் கோப்பிக் கொட்டையைச் சட்டியில் வறுக்கும் நாட்களில் புகை கீழே இறங்கிவந்து அண்ணியைத் தும்மவைக்கும். அந்தத் தும்மலைக் கேட்டு அவள் மாடியிலிருந்து சிரித்தபடி எங்களுக்கும் கோப்பி கொண்டுவருவாள். அப்படித்தான் சிநேகிதமானோம்.

அவள் ஒரோமோ இனத்தவள். எதியோப்பியா என்று சொன்னாலே இங்குள்ளவர்களுக்கு டெலிவிஷனில் பார்த்த பஞ்சம்தான் நினைவுக்கு வரும். பழைய உடுப்பு மூட்டையோடு வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம், தாங்கள் யார், தங்கள் மொழி எது, பள்ளிக்கூடத்தில் அதைப் பேசியதற்குத் தான் அடிவாங்கியது எப்படி என்றெல்லாம் அவள் பொறுமையாக விளங்கப்படுத்தியதைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மூட்டையை வைத்துவிட்டுப் போனார். அவளும் அவளைப் போன்ற சில இளையவர்களும் சனிக்கிழமைகளில் ஒரு தேவாலயத்தின் பின்மண்டபத்தில் கூடுவார்கள். சிறுபிள்ளைகளுக்குத் தங்கள் மொழியில் பாட்டுச் சொல்லிக் கொடுப்பார்கள். அட்டைகளில் வாசகம் எழுதுவார்கள். பிறகு தங்கள் நாட்டுத் தூதரகத்துக்கு எதிரே போய் நிற்பார்கள். அங்கே தெருவின் மறுபக்கத்தில் யாரோ ஒருவன் கமராவோடு வந்து நிற்கத் தொடங்கியதிலிருந்து அவளுக்கு மப்ளர் தேவைப்பட்டது.

காரணம் அவளுடைய தமையன். அவர் பள்ளிக்கூட வாத்தியார். ஒரு நாள் வகுப்பிலிருந்தே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. தாய்மாமன் மட்டும் எப்போதாவது டெலிபோன் எடுப்பார். எடுத்தால் ஒரே சொல்தான். "லண்டனில் வாயை மூடிக்கொண்டிரு, வீட்டுக்கு ஆட்கள் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள்." எங்கள் ஊரிலும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இராணுவ முகாம் வாசல்களில் நின்றுகொண்டிருந்த காலம் அது. எனக்கு அவள் ஒன்றும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

ஒரு மனித உரிமை அமைப்பில் அவளுக்குத் தெரிந்த ஒருவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். பெயரும் படமும் வெளியே வந்தால்தான் ஒரு கைதிக்காகக் குரல் கொடுக்க முடியும், ஆனால் வீட்டாருடைய சம்மதம் வேண்டும் என்று. பெயரைச் சொன்னால் அவரை என்ன செய்வார்களோ. சொல்லாவிட்டால் அப்படியொருவர் இருந்தார் என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும். வாரக்கணக்காக அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்திருப்பாள், மேலேயும் போகாமல் கீழேயும் வராமல்.

கடைசியில் தாயிடம் கேட்பது என்று முடிவெடுத்தாள். டெலிபோனை ஒட்டுக்கேட்பார்கள். அதனால் ஒரு கன்றைப் பற்றிக் கேட்டாள். பக்கத்தில் நின்ற எனக்குப் பிறகுதான் அதன் அர்த்தத்தைச் சொன்னாள். "காணாமல் போன கன்றைப் பேர் சொல்லிக் கூப்பிடட்டுமா அம்மா, அல்லது கழுதைப்புலிக்குக் கேட்டுவிடும் என்று பேசாமல் இருக்கட்டுமா?" தாய், "கழுதைப்புலிக்கு அது நிற்கிற இடம் ஏற்கெனவே தெரியும். தெரியாதது எங்களுக்குத்தான். கூப்பிடு" என்றாராம்.

அடுத்த ஊர்வலத்துக்கு அவள் வெறும் முகத்தோடு புறப்பட்டாள். நானும் காலில் சப்பாத்தைப் போட்டேன். அண்ணை வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"எங்கட கேஸ் இன்னும் முடியேல்லை. நீ போட்டோவிலை விழுந்தாயெண்டா நாளைக்கு ஆர் பதில் சொல்லுறது?"

"அவள் தனியப் போறாள் அண்ணை."

"அவையளின்ர பிரச்சினை அவையளுக்கு. எங்கட சுமையே எங்களாலை தூக்க ஏலாமல் கிடக்கு."

அவர் சொன்னதிலும் பிழையில்லை. ஆனாலும் போனேன். தூதரகத்துக்கு எதிரே, தமையனுடைய படத்தை நெஞ்சோடு பிடித்தபடி, ஒலிபெருக்கியில் அவருடைய முழுப்பெயரையும் அவள் மூன்று முறை சொன்னாள். கமராக்காரன் படமெடுத்தான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இரண்டு மாதம்போல ஊரிலிருந்து டெலிபோன் வரவில்லை. சில பெற்றோர் சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள். பிறகு ஒரு நாள் தாய் பேசினார். தமையனைத் தலைநகரத்துச் சிறைக்கு மாற்றியிருக்கிறார்கள். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க விடுகிறார்கள். பாத்திரம் வெறுமையாகத் திரும்பி வருகிறது. அதாவது உயிரோடு இருக்கிறார். ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அவள் அழுததைக் கண்டு அண்ணியும் அழுதார். ஆனால் தாய் இன்னும் முடிக்கவில்லை. மாமாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் ஒலிபெருக்கியைத் தொடவில்லை. அட்டைகள் எழுதினாள், தேநீர் ஊற்றினாள், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள். மாமாவின் பெயரை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்தது யாரோ என்ற பயம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே ஆட்சி மாறி, சிறைக் கதவுகள் திறந்தபோது தமையன் நடந்து வெளியே வந்தார். மாமா வரவில்லை. அவரை எங்கே வைத்திருந்தார்கள் என்றுகூடத் தெரியவரவில்லை. கொஞ்சக் காலத்தில் புதிய ஆட்சியிலும் அவளுடைய ஆட்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள். ஊர்வலங்களும் மறுபடி தொடங்கின.

சில வருடங்களுக்குப் பிறகு மாமாவின் மகள் லண்டனுக்கு வந்து சேர்ந்தாள். பத்தொன்பது, இருபது வயதிருக்கும். அப்போது எங்களுக்கு இங்கேயே இருக்க அனுமதி கிடைத்து ஈஸ்ட் ஹாமுக்கு மாறியிருந்தோம். அவர்களைப் பார்க்கப் போயிருந்த அன்று என் முன்னாலேயே அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள், நானும் கேட்கவேண்டும் என்பதுபோல.

"அத்தானுடைய பெயரைச் சொன்னீர்கள். அவர் வந்தார். அப்பாவின் பெயரை ஏன் சொல்லவில்லை?"

குற்றம் சாட்டும் குரல் அல்ல அது. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிய குரல். என் தோழி கோப்பிச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவைத்தாள். எந்த வழியால் போயிருந்தாலும் யாராவது ஒருவரை விட்டுத்தான் போயிருக்கவேண்டும் என்பதை அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

அடுத்த சனிக்கிழமை, மழைத்தூறலில், மாமன் மகள் தானே ஒலிபெருக்கியை எடுத்துத் தகப்பனுடைய பெயரைச் சொன்னாள். குரல் உடைந்து பாதியில் நின்றது. மீதியை என் தோழி சொல்லி முடித்தாள். கூட்டம் திருப்பிச் சொன்னது. என் நாக்கில் அந்தப் பெயர் கோணலாகத்தான் வந்தது, ஆனாலும் சொன்னேன். அவர் அதைக் கேட்கும் இடத்தில் இல்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

இதை எழுதத் தொடங்கியபோது, பெயர்களைப் போடட்டுமா என்று அவளுக்கு டெலிபோன் எடுத்துக் கேட்டேன். இப்போது அவளுக்குத் தலை நரைத்துவிட்டது, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். "என் தங்கையின் பிள்ளைகள் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள்" என்றாள்.