நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம்

பள்ளிபாளையத்தில் எங்கள் கால்பந்து சங்கத்துக்கு நான் லெப்ட் பேக், பின்னால் இடது பக்கத்துக் காவல். பள்ளிக்கூடப் படிப்பை முடித்து நூல் கடையில் கணக்குப் பிள்ளையாகச் சேர்ந்த வருஷம் அந்த இடத்தில் நின்றவன். இப்போது என் மகனுக்கு மீசை முளைத்துவிட்டது. நான் இன்னும் அங்கேதான் நிற்கிறேன். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பெரிய சங்கம் இரண்டு தடவை என்னைக் கூப்பிட்டது. பூட்ஸ் வாங்கித் தருவார்களாம். நான் போகவில்லை. கோல் காக்கும் எங்கள் கோலி தறி நெய்கிறவர். அவர் இருமினாலே எந்தப் பக்கம் நகர்ந்தார் என்று எனக்குத் தெரிந்துவிடும். இன்னொருவரோடு அதை முதலிலிருந்து பழக எனக்கு மனசில்லை. வெறுங்காலில், கணுக்காலுக்குப் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டுதான் ஆடினேன். பூட்ஸ் போட்டவர்களையும் அப்படித்தான் நிறுத்தினேன்.

எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு ஒன்று உண்டு. ஆட்டம் நடக்கும்போது நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை. பதினொரு பேருக்கும் கோல் போட ஆசை இருக்கும். ஒருத்தனாவது ஆசைப்படாமல் பின்னால் நிற்க வேண்டும்.

என் மகன் பிறந்த அன்றும் ஆட்டம் இருந்தது. பாதி ஆட்டத்தில் மச்சினன் கோட்டோரம் ஓடி வந்தான்.

“மாமா, அக்காளுக்கு வலி எடுத்துருச்சுங்க.”

“மருத்துவச்சி வந்தாச்சா?”

“வந்தாச்சுங்க.”

“அப்பறம் நான் வந்து என்ன பண்ணப் போறேன்? முடிச்சுட்டு வாரேன் போ.”

போனாலும் என்னை வாசலில்தான் உட்கார வைத்திருப்பார்கள். ஆனால் என் மனைவி அதைக் கேட்கத் தயாராக இல்லை. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களிடமெல்லாம், “புள்ள பொறக்கறப்ப இவரு பந்துக்குக் காவல் இருந்தாருங்க” என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த மகன்தான் இப்போது எங்களுக்கு முன்னால் நின்று கோல் போடும் சென்டர் பார்வர்டு. போன மாதம் அக்கரைக்காரர்கள் ஆட வந்தார்கள். ஓரத்திலிருந்து வந்த பந்துக்குத் தலை கொடுக்க அவன் எம்பினான். அவர்கள் கோலியும் எம்பினார். இரண்டு பேரும் மோதினார்கள். மகனின் தலை கோல் கம்பமாக நட்டிருந்த பனங்கட்டையில் பட்டது. அந்தச் சத்தம் நான் நின்ற இடம் வரைக்கும் கேட்டது. அவன் விழுந்தான், எழுந்திருக்கவில்லை.

பந்து அவர்கள் ஆள் ஒருவன் காலுக்குப் போய்விட்டதால் நடுவர் அதன் பின்னாலேயே திரும்பிவிட்டார்; விசில் ஊதவில்லை. பந்து என் தலைக்கு மேலே எங்கள் பக்கம் பறந்தது. நான் அதற்கு எதிர்த் திசையில் ஓடிக்கொண்டிருந்தேன். நடுக்கோட்டை எப்போது தாண்டினேன் என்று தெரியாது.

அவன் தலையை மடியில் வைத்து, “சாமி, சாமி” என்று அவனைக் கூப்பிட்டேன். கண் பாதி திறந்திருந்தது, பார்வை இல்லை. அவர்கள் கோலி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் முகத்தில் தெளித்தார். எனக்குப் பின்னால் கூச்சல் எழுந்தது. கோல் விழுந்துவிட்டது என்று திரும்பாமலே தெரிந்தது. வெகு நேரம் கழித்து அவன் என்னைப் பார்த்தான்.

“அப்பா, நீங்க எப்படிங்க இங்க?”

“உன்னையப் பாக்கத்தான் சாமி.”

“அங்க யாரு நிக்கறா?”

அவன் முகத்துத் தண்ணீரைத் துடைத்துவிட்டேன்.

“கோல் போட்டுட்டாங்களா?”

“போட்டுட்டாங்க.”

“ஏனுங்கப்பா, எடத்த உட்டுப்போட்டு வந்தீங்க?” என்று முகத்தைச் சுளித்தான். அவன் கோபித்துக்கொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

வைத்தியர் தையல் போட்டுச் சில வாரம் ஓடக் கூடாது என்றார். எங்கள் கோலியும் வீடு வரைக்கும் கூட வந்தார். என் மனைவியிடம், “தங்கச்சி, உன்ற ஊட்டுக்காரரு இன்னைக்கு நடுக்கோட்டத் தாண்டிட்டாரு. அதனாலதான் தோத்துப்போனோம்” என்றார்.

அவள் மகனின் தலையில் போட்டிருந்த கட்டின் மேல் வைத்த கையை எடுக்காமல், “அப்ப தோத்தது நல்லதுதானுங்கண்ணா” என்றாள். பந்துக்குக் காவல் இருந்த கதையை அதற்குப் பிறகு அவள் சொல்லி நான் கேட்கவில்லை.

தையல் பிரித்தாகிவிட்டது. வைத்தியர் ஆடலாம் என்கிறார். எனக்குத்தான் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. கடையில் நூல் மூட்டை தரையில் விழுந்தால் பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். ஆட வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் மகன் கேட்பான். சொல்லிவிடலாமா என்று பல நாள் யோசித்தேன். ஆனால் அவன் எம்பியதில் தப்பில்லை, தலை கொடுத்ததில் தப்பில்லை. இத்தனை வருஷம் ஆடியவனுக்கு அதுகூடவா தெரியாது? தப்பு கட்டையில்தான் இருந்தது.

நேற்று ஆட்டத்துக்கு முன்பே கடையில் ஒதுக்கிப் போட்ட கழிவு நூலைச் சாக்கில் அடைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். இரண்டு பக்கத்துக் கோல் கட்டைகளிலும் ஆள் உயரத்துக்கு மேல் வரைக்கும் சாக்கை இறுக்கிக் கட்டினேன். எங்கள் கோலி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கட்டைக்கெல்லாம் சட்டை போட்டாச்சு. மாப்ள, எனக்கு ஒண்ணு தெக்கக் கூடாதா?”

“உன்ற ஒடம்புக்கு நூல் பத்தாது” என்றேன்.

மகன் முன்வரிசையில், நடுக்கோட்டு ஓரம் போய் நின்றான். நான் என் இடத்துக்கு வந்து, ரைட் பேக்காக ஆடும் பையனைக் கூப்பிட்டேன்.

“நான் அந்தப் பக்கம் ஓடுனா, நீ நடுவுக்கு வந்து நின்னுக்க.”

“எப்ப மாமா ஓடுவீங்க?”

“ஓட மாட்டேன். ஓடுனாச் சொல்றேன்.”