ஈயத்தாளில் விழுந்த ஓட்டைகள்

உங்கள் மாமன் வேலை பார்க்கும் அலுமினியக் கம்பெனியின் கதையை அவன் வாயால் நிறையக் கேட்டிருப்பீர்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வான். அப்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். ஏன் போனேன் என்று எழுதுகிறேன். எனக்கு எட்டாவது வரைதான் படிப்பு. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கம்பெனி முதலாளியின் அப்பா, தலையில் சட்டி சுமந்து மஞ்சூர்ப் பக்கம் தோட்ட ஆட்கள் குடியிருக்கும் லயன் லயனாக ஏறி விற்றவர். ஓட்டைச் சட்டியைக் கொடுத்தால் எடை போட்டுக் கழித்துக்கொண்டு புதுசு தருவார். சேர்ந்த ஓட்டைச் சட்டிகளை மலையடிவாரத்தில் ஒரு கொட்டகையில் போட்டு உருக்கி, தகடாக்கி, வட்டமாக வெட்டி, மறுபடி சட்டியாக்கினார். மகன் காலத்தில் பெரிய உருளை மெஷின் வந்தது. தகடு மெலிந்து தாளாயிற்று. தேயிலைப் பெட்டிக்குள் ஈரம் ஏறாமல் இருக்க விரிக்கிற தாள். நம் ஆட்கள் அதை ஈயத்தாள் என்பார்கள். உள்ளபடி அது அலுமினியம்.

நானும் உங்கள் மாமனும் ஒரே தேயிலை பேக்டரியில் பேக்கிங்கில் இருந்தோம். பெட்டிக்குள் தாள் விரிப்பது என் வேலை. அவன் ஆணி அடிப்பான். தாள் கொண்டுவந்த கம்பெனிக்காரர் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்.

"தாளோட குணம் தெரிஞ்ச ஆளு வேணுங்க, வர்றீங்களா?"

"சட்டி செய்யற எடத்துக்கு நான் வரலீங்க. ஒலகம் டீ குடிக்கறத நிறுத்தப் போறதில்ல" என்றேன்.

பக்கத்தில் சுத்தியலோடு நின்றவன், "அப்ப நான் வரட்டுங்களா?" என்று கேட்டான். அவ்வளவுதான் நடந்தது.

பிறகு தேயிலை விலை விழுந்தது. பறித்த இலையை வாங்க ஆளில்லாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். எங்கள் பேக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடியது. உங்கள் அம்மா டீயில் சர்க்கரையை நிறுத்தினாள். அவன் கம்பெனியிலோ, தாளுக்குக் கிராக்கி குறைந்தால் ஜன்னல் சட்டம் செய்தார்கள். அதுவும் குறைந்தால் இட்லிப் பானை. வாடின இலையை மறுபடி இலையாக்க முடியுமா? அவர்களிடம் கெட்டுப்போனது என்று ஒன்றுமே இல்லை. எல்லாம் உலைக்குள் போய்ப் புதுசாகத் திரும்பி வரும். அவன் சம்பளத்தைவிட அந்த உலைமேல்தான் எனக்கு வயிற்றெரிச்சல்.

மாதம் ஒருமுறை வேனில் தாள் உருளைகளோடு மலை ஏறி வருவான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் வாட்ச். பேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கர் அவனுக்கு நாற்காலி போடச் சொல்வார். நான் நிற்கிறேன் என்பதால் அவன் உட்கார மாட்டான். அதுவும் எனக்கு ஆகாது.

ஒரு தடவை, அவன் வருகிற நாளில், நான் மோதிரம் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். பேக்கிங் ஆள் எவனும் அப்படிச் செய்ய மாட்டான். தாளைப் பெட்டியின் மூலைகளில் விரல் முட்டியால் அமுக்கி உட்கார வைக்க வேண்டும். நகம்கூட நீண்டிருக்கக் கூடாது. அவன் கையில் ஒன்று மினுங்கினால் என் கையிலும் ஒன்று மினுங்கட்டும் என்று நினைத்தேன். கல்யாணத்தில் மச்சினன் முறைக்கு அவன் போட்ட கல் மோதிரம்தான் அது என்பதுகூட அப்போது உறைக்கவில்லை.

விரிப்பதற்கு முன் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை பார்ப்போம். அன்று காலை பார்த்ததில் ஒன்றும் இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏதாவது குற்றம் கிடைக்காதா என்று, ஐந்து பெட்டியில் விரித்து முடித்த தாளையும் உருவி மறுபடி பிடித்தேன். புள்ளி புள்ளியாக வெளிச்சம். அந்த வருஷத்தில் எனக்கு அத்தனை சந்தோஷம் வேறெதிலும் வந்ததில்லை. ஓடிப்போய் டீ மேக்கரிடம் காட்டினேன்.

"உருளை பூராத்தையும் திருப்பி அனுப்பிடலாம். இனி வேற கம்பெனி பாத்துக்கலாம்" என்றார்.

மலையில் அவர்களுக்கு மிஞ்சியிருந்த பெரிய ஆர்டர் எங்களுடையதுதான். அது போனால் மலைக்குத் தாள் கொண்டுவரும் அவன் வேலையும் போகும். எனக்குத் தெரியும். தெரிந்துதான் நின்றேன்.

மத்தியானம் வந்தான். தாள்களைத் தரையில் விரித்துக் குனிந்து பார்த்தான். ஓட்டை எல்லாம் மூலை மடிப்பில் இருந்தது. நடுவில் ஒன்றுகூட இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஏனுங் மாமா, புது மாப்பிள்ளையாட்ட மோதரமெல்லாம் போட்டுட்டு வந்திருக்கீங்க" என்றான், என் காதுக்கு மட்டும்.

"எங்கையி, எம் மோதரம்."

"ஆமாங், இல்லீன்னு யாரு சொன்னா? அதைக் கழட்டிப் பாக்கெட்ல போட்டுட்டு இன்னொரு பெட்டி விரிங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அந்த வருஷம் இளைத்திருந்தேன். மோதிரம் இழுக்காமலே கழன்று வந்தது. டீ மேக்கர் முன்னால் விரித்தேன், உருவினேன், வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு புள்ளி இல்லை.

"அப்பக் காலையில எப்படிப்பா ஓட்டையாச்சு?" என்று கேட்டார்.

உங்கள் மாமன் வாயைத் திறக்கப் போனான். ஏதோ பொய் சொல்லி என்னைக் காப்பாற்றப் போகிறான் என்று தெரிந்தது. அதற்குள் நான் முந்திக்கொண்டேன். நல்ல மனதால் அல்ல. அந்த நன்றிக்கடனையும் அவனுக்குப் பட என்னால் முடியாது.

"எம் மோதரம் கிழிச்சிருச்சுங்க" என்றேன்.

டீ மேக்கர் என்னை மறுநாள் வர வேண்டாம் என்றார். மூன்று நாள் வேலை அந்த வாரம் இரண்டாயிற்று. ஆர்டர் அவனுக்கே இருந்தது.

அவன் கிழிந்த தாளைப் பந்தாகச் சுருட்டி வேனில் போட்டான். "உடுங்க மாமா, உருக்கிக்கலாம்" என்றான். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன்.

அந்தத் தீபாவளிக்கு அவன் கொண்டுவந்த இட்லிப் பானைதான் இன்றும் நம் அடுப்பில் இருக்கிறது. கம்பெனிக் கதையில் இந்த இடத்தை அவன் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. உள்ளே நீங்கள் சிரிக்கிற சத்தம் கேட்டால், சொல்லிவிட்டானோ என்று வாசலில் நின்று காது கொடுப்பேன். சொல்லவில்லை என்று தெரிந்ததும் மறுபடி வயிறு எரியும். அதனால் நானே எழுதிவிட்டேன்.